நான்காமவர்

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறளை (950) நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர் என்ற நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்கிறார் வள்ளுவர். அந்த நான்காமவர் செய்யும் வேலை எவ்வளவு என்பதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன்.

2022-ஆம் ஆண்டு ஜூலை மாதம் என் ஆச்சிக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போயிற்று. மூளையின் இடப்பாகத்தில் இரத்தக் குழாய் அடைத்தால் வலப்பக்கம்தான் செயலிழக்குமாம். பெரும்பாலோருக்குப் பேச்சுக்குரிய பகுதியும் அங்கேதான் இருக்கிறதாம். மருத்துவமனையில் பன்னிரண்டு நாட்கள் இருந்தபின் ஆச்சியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அன்று முதல் எல்லாம் அம்மாவின் பொறுப்பாயிற்று.

படுத்த படுக்கையாய் இருப்பவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப் புண் வந்துவிடும். பகலில் மட்டுமா? இரவிலும்தான்! அம்மா அலாரம் வைத்து எழுவார்கள். போகப்போக, அது அடிக்கும் முன்பே எழுந்துவிடுவார்கள். ஊட்டுவது அதைவிடக் கவனமான வேலை. விழுங்கும் தசைகள் தளர்ந்திருந்ததால் ஆச்சிக்கு வெறும் தண்ணீர்கூடப் புரையேறும். அது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரலாம். ஆகவே நிமிர்ந்து உட்கார வைத்து, கெட்டியான கேப்பைக் கூழைச் சிறு கரண்டியால் ஊட்டி, தொண்டை இறங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். ஒரு கிண்ணம் கூழுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்மூட்டு விலகிவிடும். இதையெல்லாம் கற்றுத் தந்த பிசியோதெரபி அக்கா வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற ஆறு நாளும் பயிற்சி கொடுத்தது அம்மாதான்.

என் பழைய கணக்கு நோட்டின் வெற்றுப் பக்கங்களில், மாத்திரை கொடுத்த நேரம், இரத்த அழுத்தம், ஆச்சி தூங்கிய நேரம் எல்லாவற்றையும் அம்மா குறித்து வைத்தார்கள். மறுமுறை சென்றபோது மருத்துவர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார்.

பார்க்க வந்த உறவினர்கள், “நீ புண்ணியவதி!” என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். புண்ணியத்தில் பங்கு கேட்டு ஓர் இரவு தங்கியவர் எவருமில்லை.

இதற்கு முன் ஆச்சியும் அம்மாவும் அவ்வளவு ஒட்டுதலாக இருந்தவர்கள் அல்லர். மாமியார் மருமகள் என்றால் உங்களுக்குத் தெரியாதா, தோழியரே! ஆனால் அம்மாவின் முகத்தை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தது ஆச்சி ஒருவர்தான். அம்மாவுக்கு அடிக்கடி தலை சுற்றியது எங்கள் எவர் கண்ணிலும் படவில்லை. ஒருநாள் காலை, அழுத்தம் பார்க்கும் கருவியை அம்மா கையில் எடுத்ததும், ஆச்சி இடக்கையால் அதைத் தள்ளி, அம்மாவின் கையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார்கள். “எனக்கு எதற்கு அத்தை?” என்றார்கள் அம்மா. ஆச்சி விடவில்லை. பார்த்தால் 170/100!

அப்பா அன்று மிகவும் பயந்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரவு 10 மணிக்கும் 12 மணிக்கும் புரட்டிவிடுவது அப்பாவின் வேலை. விடியற்காலை 4 மணி என்னுடையது. தம்பி மாலையில் கை கால் பயிற்சி கொடுத்தான். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் வராது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை, எங்கள் நால்வரில் அவன் கைதான் மெதுவானது என்பதுபோல ஆச்சி அவனிடம் மட்டும் முகம் சுளிப்பதில்லை.

இப்போது ஆச்சி வாக்கரைப் பிடித்துத் திண்ணை வரை நடக்கிறார்கள். பேச்சில் நாலைந்து சொற்கள் திரும்பியிருக்கின்றன. அம்மாவின் அழுத்த மாத்திரையும் ஆச்சியின் மாத்திரை டப்பாவில்தான் இருக்கிறது. காலையில் அம்மா தன் மாத்திரையை விழுங்கும் வரை ஆச்சி வாயைத் திறப்பதில்லை.