நாணயத்தைப் பார்க்காத குழந்தை

கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பெண்மணி கைக்குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். குழந்தையின் முகத்துக்கு நேரே எதையோ நீட்டிக் காட்டுகிறார். அது நாணயமாக இருக்க வேண்டும் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். குழந்தை அதைப் பார்க்கவில்லை. அதன் கண் வேறெங்கோ போயிருக்கிறது.

எட்டு மாதம் நிறையாத பெண் குழந்தை. பெயர் விவியன். இடம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், சார்லட்ஸ்வில். 1924 நவம்பர். முன்பின் தெரியாத மனிதர் ஒருவர் கேமராவோடு வந்து எதிரே நின்றால், நாணயத்தையா பார்க்கும் குழந்தை?

வந்தவர் ஆர்தர் எஸ்டாபுரூக். விதைநெல்லைப் புடைத்துப் பதரை நீக்குவதுபோல் மனிதரையும் தரம் பிரித்து, 'தரம் குறைந்தவர்' பிள்ளை பெறாமல் தடுத்துவிடலாம் என்று நம்பிய இனமேம்பாட்டு ஆய்வாளர்களில் ஒருவர். ஆறு மாதக் குழந்தைக்கான சோதனையை விவியனுக்கு வைத்துப் பார்த்ததாகவும், அவள் சராசரிக்குக் கீழே இருந்ததாகவும் அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

அவரே எடுத்த இன்னொரு படம் இருக்கிறது. தாயும் மகளுமாக இரண்டு பெண்கள், பக்கத்தில் பக்கத்தில். மகள் கேரி பக், பதினெட்டு வயது. தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். விவியனைப் பெற்றவள் இவள்தான். பக்கத்தில் இருப்பது கேரியின் தாய் எம்மா. லிஞ்ச்பர்க் அருகே, வலிப்பு நோயாளிகளுக்கும் 'மந்தபுத்தி' என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கும் அரசு நடத்திய காப்பகத்தில் 1920 முதல் அடைபட்டிருப்பவர். இந்த முகங்களில் குறை எங்கே இருக்கிறது என்று எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. ஏழைகளின் முகங்கள். அவ்வளவுதான் தெரிகிறது.

கேரியைச் சிறு வயதிலேயே ஒரு குடும்பம் வளர்க்க எடுத்துக்கொண்டது. ஆறாம் வகுப்பு வரை படித்தாள். நடத்தையும் படிப்பும் மிக நன்று என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறகு வீட்டு வேலைக்காகப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டாரின் உறவுக்காரப் பையன் அவளைப் பலவந்தம் செய்ததாகப் பின்னாளில் கேரி சொன்னார். வயிறு தெரிய ஆரம்பித்ததும், வளர்த்தவர்களே அவளை மந்தபுத்தி என்று மனுப்போட்டார்கள். கட்டாயக் கருத்தடைச் சட்டம் வர்ஜீனியாவில் நிறைவேறியது 1924 மார்ச் 20. விவியன் பிறந்தது மார்ச் 28. ஜூன் மாதம் கேரி தாயிருக்கும் காப்பகத்துக்கே அனுப்பப்பட்டாள். குழந்தை வளர்த்தவர்களின் வீட்டில் தங்கிவிட்டது. நாணயம் காட்டும் பெண்மணி, கேரியை வளர்த்த அதே அம்மாள்தான்.

புதிய சட்டம் உயர்ந்த நீதிமன்றங்களில் நிற்குமா என்று காப்பகத்தாருக்குச் சந்தேகம். அதைச் சோதித்துப் பார்க்க ஒருத்தி தேவைப்பட்டாள். தாயும் காப்பகத்தில், மகளும் காப்பகத்தில், மகளுக்கு ஒரு மகள். காப்பக நிர்வாகக் குழு கேரியை அழைத்து, அறுவைச் சிகிச்சை பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டது. தனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, தன் ஆட்களைப் பொறுத்தது என்கிற மாதிரி அவள் பதில் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அவளுக்கென்று அங்கே யார் இருந்தார்கள்?

1924 நவம்பர் 18. ஆம்ஹர்ஸ்ட் நீதிமன்றம். சாட்சிகள் ஒவ்வொருவராக ஏறி இறங்குகிறார்கள். கேரி உட்கார்ந்திருக்கிறாள். ஆசிரியைகள் வருகிறார்கள்; கேரியைப் பற்றி அவர்களுக்கு அதிகம் தெரியவில்லை, உறவினர்களைப் பற்றிச் சொல்கிறார்கள். செஞ்சிலுவைச் சங்க ஊழியர் வருகிறார். குழந்தை எப்படி என்று கேட்கிறார்கள். அதன் பார்வையில் ஏதோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்கிறார். தாயைப் பற்றித் தெரிந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். வழக்கு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

நியூயார்க்கின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரிலிருந்து இன்னொரு இனமேம்பாட்டு ஆய்வாளரான ஹாரி லாஃப்லின் எழுத்தில் சாட்சியம் அனுப்பியிருந்தார். கேரியை அவர் ஒருநாளும் கண்டதில்லை. காப்பகத்தார் கொடுத்த குறிப்புகளை வைத்தே, எதற்கும் உதவாத வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் இவர்கள் என்று எழுதிவிட்டார்.

எதிர்த்து வாதாட கேரிக்கும் ஒரு வழக்கறிஞர் இருந்தார், இர்விங் வைட்ஹெட். அவர் அதே காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் முன்பு இருந்தவர்; அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஆப்ரி ஸ்ட்ரோடின் நண்பர். கேரிக்காக ஒரு சாட்சியைக்கூட அவர் கூப்பிடவில்லை. நன்று என்று எழுதிய பள்ளிப் பதிவேடு எங்கும் போய்விடவில்லை, யாரும் அதைக் கேட்கவில்லை. தோற்பதற்கென்றே வைத்த வக்கீல். இந்தக் கதையில் எனக்கு மிகவும் ஆத்திரம் வருவது இந்த மனிதர்மேல்தான். மற்றவர்கள் தங்கள் கொள்கையை நம்பினார்கள். இவரை நம்பி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

கேரி தோற்றாள். வழக்கு வாஷிங்டன் போயிற்று. 1927 மே 2 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் காப்பகத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதியவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். எண்பத்தாறு வயது, நாடு போற்றிய நீதிபதி. அம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கலாம் என்றால் கருக்குழாயை வெட்டுவதும் அதில் அடங்கும் என்றார். மூன்று தலைமுறை மூடர்கள் போதும் என்று முடித்தார். மூன்றாவது தலைமுறை, நாணயத்தைப் பார்க்காத குழந்தைதான். மாறுபட்ட ஒரே நீதிபதி பியர்ஸ் பட்லர், ஏன் மாறுபடுகிறேன் என்று ஒரு வரி எழுதவில்லை.

அக்டோபர் 19 அன்று காப்பகத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் ஜான் பெல் கேரிக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்.

விவியன் பள்ளிக்குப் போனாள். 1931இல் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளின் கௌரவப் பட்டியலில் அவள் பெயர் வந்தது. நடத்தைக்கு உயர்ந்த மதிப்பெண், கணக்கில் கொஞ்சம் தடுமாற்றம். எந்த வகுப்பிலும் பார்க்கக்கூடிய பிள்ளை. அடுத்த ஆண்டு குடல் நோயில் இறந்துபோனாள். எட்டு வயது.

கேரிக்கு டோரிஸ் என்று ஒரு தங்கை. அவளையும் காப்பகத்தில் படுக்கவைத்து வயிற்றைக் கிழித்தார்கள். குடல்வால் ஆபரேஷன் என்று சொல்லி அனுப்பினார்கள். டோரிஸ் கல்யாணம் செய்துகொண்டார். பிள்ளைக்காகக் கணவனும் மனைவியும் வருஷக்கணக்கில் ஏங்கினார்கள். காப்பகத்தின் பழைய கோப்புகளைப் புரட்டியபோது, 1970களின் கடைசியில்தான் உண்மை வெளியே வந்தது. அரை நூற்றாண்டாகத் தன் உடம்பைத்தானே அந்த அம்மாள் குறை சொல்லியிருப்பார்? கேரிக்காவது தனக்கு என்ன செய்தார்கள் என்று தெரியும்.

ஹோம்ஸின் தீர்ப்புக்குப் பிறகு மற்ற மாநிலங்களும் துணிந்தன. அமெரிக்காவில் 60,000 பேருக்கு மேல் இப்படி வெட்டப்பட்டார்கள். வர்ஜீனியாவில் மட்டும் 8,000 பேருக்கு மேல். லாஃப்லின் எழுதி வைத்திருந்த மாதிரிச் சட்டத்தை ஒட்டி ஜெர்மனியில் நாஜிகள் 1933இல் தங்கள் சட்டத்தைப் போட்டார்கள். அங்கே சுமார் 4,00,000 பேர். போருக்குப் பின் நூரம்பர்க் விசாரணையில், உங்கள் உச்ச நீதிமன்றமே சொன்னதுதானே என்று நாஜித் தரப்பு ஹோம்ஸின் தீர்ப்பை எடுத்துக் காட்டியது.

காப்பகத்திலிருந்து வெளியே வந்த கேரி திருமணம் செய்துகொண்டார்; வீடுகளில் வேலை பார்த்தார். முதிய வயதில் அவரைச் சந்தித்தவர்கள், அவர் தினமும் செய்தித்தாள் படிப்பதையும் குறுக்கெழுத்துப் புதிர் போடுவதையும் கண்டிருக்கிறார்கள். 1983இல் இறந்தார். சார்லட்ஸ்வில்லில், விவியன் இருக்கும் அதே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள்.

வர்ஜீனியா 1974இல் சட்டத்தை நீக்கியது. 2002 மே 2 அன்று, தீர்ப்பு வந்து சரியாக 75 ஆண்டு கழித்து, ஆளுநர் மார்க் வார்னர் மன்னிப்புக் கேட்டார். 2015இல், உயிரோடு எஞ்சியிருந்தவர்களுக்கு ஆளுக்கு 25,000 டாலர் என்று முடிவாயிற்று. ஆனால் கேரிக்கு எதிரான அந்தத் தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்றுவரை வெளிப்படையாக ரத்து செய்யவில்லை. ரத்து செய்ய வேண்டும், கேரியின் பெயரையும் விவியனின் பெயரையும் சொல்லி.