பாலை பழுக்கும் காட்டிலே

சென்ற ஆனி மாதம், மாணவர் சிலருடன் மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் பயணமானோம். வீதியோரம் மூதாட்டி ஒருவரிடம் பாலைப்பழம் வாங்கி உண்டோம். நா இனித்தது, உதடுகள் ஒட்டின. கரடியும் விரும்பும் கனியாதலால், அஞ்சியஞ்சியே காட்டினுள் பறிப்பராம்.

"இந்தக் காசிலைதான் தம்பி, பேரப்பிள்ளையளுக்குக் கொப்பி வாங்கிறது," என்றார். கொப்புகளையே தறித்துப் பழம் பறிப்போரும் உளரென வருந்தினார். "தறிச்சால் வாற வருஷம் என்னத்தை விக்கிறது?"

அப்பால் முத்தையன்கட்டுக் குளக்கட்டில் நின்று நோக்கினோம். சூழ்ந்த காடு மழைவெள்ளத்தின் வேகத்தைத் தணித்து மண்ணைப் பற்றி நிற்கிறது. காடு அழியின் மண் கரைந்து குளம் தூரும், வயலும் வாடும். பழமும் தேனும் விறகும் மட்டுமன்று, நெல்லும் காட்டின் கொடையே.

மரம் முதல், கனி வட்டி. நாம் வகுப்பிலே நெடுநேரம் விளக்கும் பொருளியலை, அம்மூதாட்டி ஒரே கேள்வியில் உணர்த்திவிட்டார்.