கத்துகிற இடத்தில் முட்டை இருக்காது

சித்திரையில் எங்கள் ஊர்க் கழனிகள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நவரை அறுத்தாயிற்று. கிணற்றில் தண்ணீர் உள்ள நாலைந்து பேர் மட்டும் சொர்ணவாரி வைத்திருப்பார்கள். ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகிற வழியில் ஊர். 1993; ஐந்தாம் வகுப்பு லீவு. பறவை பார்க்கப் போகிறோம் என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. தாத்தா மாட்டை ஓட்டிக்கொண்டு போவார், நான் பின்னாலேயே போவேன்.

பறவை என்றால் எனக்கு அப்போது வேடந்தாங்கல்தான். தை மாதம் பள்ளிக்கூடத்தில் பஸ் வைத்து அழைத்துப் போயிருந்தார்கள். அந்த ஏரிப் பறவைகளைக் காப்பாற்ற 1798இலேயே கலெக்டர் லயனல் பிளேஸ் உத்தரவு போட்டார் என்று வாத்தியார் சொன்னதைத் தாத்தாவிடம் ஒப்பித்தேன். அவர் அசையவில்லை. "அதெல்லாம் விருந்தாளிங்கடா. பனிக்கு வரும், வெயிலுக்குப் போயிடும். இங்கயே கெடந்து காயறது எதுன்னு பாரு."

காய்ந்துகொண்டிருந்தவை ஏராளம். ஏரியில் மதகோரம் மட்டும் குட்டையாய்த் தண்ணீர். அதைச் சுற்றி மடையான்களும் நாரைகளும். மாட்டின் காலடியில் வெட்டுக்கிளி பொறுக்கும் உண்ணிக்கொக்குகளுக்குத் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாக மாறியிருக்கும், யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடிய மாதிரி. பனைமரத்துப் பொந்தில் பனங்காடை. ஆனால் தாத்தாவின் பறவை ஆக்காட்டிதான். வரப்பில் கால் வைத்தால் போதும், தலைக்கு மேலே வட்டமடித்து ஊரைக் கூட்டிவிடும். அது கத்துகிற இடத்தில் நான் குனிந்து குனிந்து முட்டை தேடினேன்.

"இன்னாடா தேடுற? கத்துற எடத்துல முட்டை இருக்காது. கம்முனு வந்து குந்து."

வேப்பமர நிழலில் அரைமணி குந்தினோம். கத்தி ஓய்ந்த பறவை தூரத்தில் இறங்கியது. நாலடி ஓடி நின்றது. சும்மா எதையோ கொத்தியது. மறுபடி ஓடியது. பிறகு சத்தமே இல்லாமல் ஒரு இடத்தில் உடம்பைத் தாழ்த்தி, வயிற்று இறகை விரித்து உட்கார்ந்தது. போய்ப் பார்த்தால் கூடென்று ஒன்றும் கிடையாது. தரையில் சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கல்லும் ஆட்டுப்புழுக்கையும், நடுவில் மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட நாலு முட்டை. நடு வெயிலில் அது பம்புசெட்டு வாய்க்காலுக்கு ஓடி வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து மறுபடி உட்காரும். முட்டை வெந்துபோகாமல் இருக்கத் தண்ணீர் சுமக்கிறது என்று தாத்தா சொன்னபோது நான் நம்பவில்லை. அவர் கதை கட்டுவதிலும் கெட்டிக்காரர். பிற்பாடு பறவையியல் புத்தகத்தில் அதையே படித்தேன்.

1996இல் இருங்காட்டுக்கோட்டைக்கு ஹூண்டாய் வந்தது, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் திறந்தது. வேப்பமரம் இருந்த பக்கம் இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. லாரி நிறுத்த ஜல்லி கொட்டியிருக்கும் இடங்களில் இப்போதும் ஆக்காட்டி கத்துவதைக் கேட்கிறேன்.

அந்த லீவிலேயே, கத்திரி பிறந்ததும் என்னைக் கேளம்பாக்கத்து அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். வண்டலூரில் பஸ் மாறிப் போக வேண்டும். கோவளத்துக்குப் போகிற சாலையின் இரண்டு பக்கமும் கழிமுகத் தண்ணீரும் உப்பளமும் வெள்ளை வெள்ளையாகக் கண்ணைக் கூசவைக்கும். குச்சி குச்சியாய்ச் சிவப்புக் காலோடு பவளக்கால் உள்ளான்கள் பாத்திகளில் நடக்கும். என்னைக் கண்டதும் கீச்சிட்டுக்கொண்டு கிளம்பின. நான் தேடவில்லை. கரையில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கம்முனு குந்தினேன். உப்பளத்தில் வேலை செய்த மாமாவுக்கு ஆச்சரியம், பிள்ளைக்கு வெயில் ஏறிவிட்டது என்று நினைத்தார். ஒரு உள்ளான் வரப்பு மண்மேட்டில் காலை மடக்கி உட்கார்ந்ததைக் காட்டினேன். "பத்து வருசமா இங்க வேலை செய்யறேன், நான் பார்த்ததே இல்ல" என்றார். அன்று சாயங்காலம் கோவளம் கடற்கரைக்குக் கூட்டிப்போய், ஆலாக்கள் தலைகீழாகத் தண்ணீரில் விழுவதைக் காட்டிப் பலூனும் வாங்கித் தந்தார்.

அந்தப் பெருமையோடு ஊர் திரும்பியதுதான் வினை. வேறொரு கழனியில் வேறொரு ஆக்காட்டிச் சோடியை நானே தனியாகக் கண்டுபிடித்தேன். நாலு முட்டையில் ஒன்றை எடுத்து டவுசர் பையில் போட்டேன். அடைக்கோழிக்கு வைத்துவிடலாம் என்று திட்டம். வீட்டு வாசலில் தாத்தா என் நடையைப் பார்த்தே, "பையில இன்னா?" என்றார். அடிக்கவில்லை. "போய் வச்சுட்டு வா" என்றார், அவ்வளவுதான்.

கதகதப்பாக இருந்தது முட்டை. மற்ற மூன்றும் கூர்முனையை உள்ளே வைத்துப் பூவிதழ் மாதிரி கிடந்தன. தலைக்கு மேலே கத்தல் தாங்காமல் என்னுடையதை அவசரமாக, கூர்முனை வெளியே பார்க்க வைத்துவிட்டு ஓடிவந்தேன். ராத்திரியெல்லாம் அது தப்பான திசையில் இருப்பதே நினைவு.

விடிந்தும் விடியாமல் போனேன். பறவை எழுந்து ஓடியது. நாலு முட்டையும் கூர்முனை உள்ளே இருந்தன. எது நான் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை.