கரையேறிய படகு

ஓர் ஒக்டோபர் மாதம், ரொறன்ரோவுக்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரிக்கு நண்பர் ஒருவர் என்னை மீன்பிடிக்க அழைத்துச் சென்றார். வடமராட்சிக் கடற்கரையில் பிறந்தவர். குளிர் நெருங்கும்போது பாஸ் மீன்கள் ஆழத்துக்கு இறங்கி, மாரிக்கெனக் கொழுக்க உண்ணும். தூண்டில்காரர்களுக்கு அதுவே நல்ல காலம் என்றார். அன்று பிடித்தவற்றில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஏரியிலேயே விட்டுவிட்டார்.

அவருடைய பருவத்தின் கடைசி ஓட்டம் அது. மறுநாள் படகைக் குளிருக்கு ஆயத்தப்படுத்தினார். இயந்திரத்துக்குள் தேங்கிய நீரை வடித்து, உறையா திரவம் ஊற்றினார். எரிபொருள் பழுதாகாதிருக்க மருந்து கலந்தார். மின்கலத்தைக் கழற்றினார். அடித்தளத்து அடைப்பானையும் திறந்துவிட்டார்.

"முதல் வருசம் தண்ணியை வடிக்க மறந்துபோனன். உறைஞ்ச தண்ணி இரும்பையே வெடிக்க வைச்சிட்டுது" என்றார்.

நீர் உறையும்போது ஏறத்தாழ 9 வீதம் விரிவடைகிறது. புயலுக்கு அஞ்சாதவரை ஒரு குவளை நீர் தோற்கடித்திருந்தது.

தார்ப்பாயை விரித்தவர் சற்று நின்றார். 1990 இல் ஊரைவிட்டு வெளியேறியபோது அவருடைய வள்ளம் கரையில் கிடந்ததாம்.

"ஒரு கிடுகெண்டாலும் போட்டு மூடிப்போட்டு வந்திருக்கலாம்."

நான் எதுவும் சொல்லவில்லை. தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்தேன்.