தொடாத கை எப்படி நோயைக் கண்டுபிடிக்கும்?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி. திண்டிவனம் பக்கம் ஒரு காலனியில் இருக்கும் அக்காவுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல். மூன்று இடங்களில் காட்டியாயிற்று. மூன்றாவது இடத்துக்கு நானும் கூடப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்த ஊரு? காலனியா?" நாடியைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. பாராசிட்டமால் எழுதி, "சுத்தமா இருக்கணும்மா" என்று புத்தி சொல்லி அனுப்பினார்.

மறுநாள் மூச்சு வாங்கியது. வேறொரு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கே ஒரு பயிற்சி மருத்துவர், சின்னப் பெண்.

"அக்கா, என்ன வேலைக்குப் போறீங்க?"

"கரும்பு வெட்டம்மா. மாட்டுக்குப் புல்லும் அறுப்பேன்."

உடனே திரையை இழுத்துவிட்டு அக்குள், இடுப்பு மடிப்பு என்று தேடினார். அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு. உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ். புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்த இடம் அது. வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்தில் இரண்டே நாளில் காய்ச்சல் விட்டது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் கெட்டு உயிரையே எடுக்கும்.

இருவரும் படித்தது ஒரே பாடம்தான். முதலில் கேள், பிறகு தொட்டுப் பார், 'வேறு என்னவாக இருக்கலாம்?' என்று யோசி, பிறகு பரிசோதனைக்கு எழுது. முதலில் தோன்றியதையே பிடித்துக்கொண்டு நிற்காதே என்பதுதான் நோயறிதலின் பாலபாடம். சாதியோ அந்த முதல் முடிவைக் கையில் தயாராகக் கொடுத்துவிடுகிறது: காலனி, அழுக்கு, சும்மா காய்ச்சல். தீண்டாமை மனிதத்துக்கு மட்டும் விரோதமில்லை, மருத்துவத்துக்கும் விரோதம்.

நோயாளியிடம் என்ன தொழில் என்று கேட்க வேண்டும் என இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதியது 1700இல். இங்கே 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் அறமும் நோயாளியிடம் பேசும் முறையும் தனிப் பகுதியாக இருக்கின்றன. மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுக்கும் திட்டமும் பின்னர் வந்தது. 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, முண்டியம்பாக்கத்தில் நம் கண்ணெதிரே நிற்கிறது. 2020 முதல் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் டாக்டருக்குப் படிக்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது இதுதான்: தத்தெடுக்கும் குடும்பங்களில் காலனியும் இருளர் குடியிருப்பும் இருக்கட்டும். வேலையைக் கேட்டாயா, தொட்டுப் பார்த்தாயா என்பதற்குத் தேர்வில் மதிப்பெண் இருக்கட்டும்.

அதுவரை, காய்ச்சல்காரரை அழைத்துப் போகும் தோழர்களே, டாக்டர் கேட்காவிட்டாலும் அவர் செய்யும் வேலையை நீங்களே சொல்லுங்கள். "உடம்பைப் பாருங்க டாக்டர்" என்று கேளுங்கள். அது சலுகை அல்ல, உரிமை.