கரிக்கோடு

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். ஆனால் எறும்பு நாள்தோறும் ஊர்கிறதா என்று யார் பார்ப்பது? இக்கேள்விக்கு விடை காண எனக்கு ஓராண்டு பிடித்தது.

முதலாம் ஆண்டில் 5,000 மீட்டர் ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்தேன். 400 மீட்டர் தடத்தில் பன்னிரண்டரைச் சுற்று. கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில், ஒன்பதாம் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "தினமும் ஓடினாயா, தம்பி?" என்று உடற்கல்வி இயக்குநர் கேட்டார். "ஓடினேன், ஐயா" என்றேன். அவர் எழுதச் சொன்ன குறிப்பேட்டில் எல்லா நாளுக்கும் "8 கி.மீ." என்றே இருந்தது. போர்வைக்குள் கிடந்த நாளுக்கும் அதே எட்டுதான்! குறிப்பேடு பொய்யை ஏற்றுக்கொண்டது; கால்கள் ஏற்கவில்லை.

தொடர்ந்து நெடுந்தூரம் ஓடுபவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்பப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. சில வாரங்கள் ஓட்டத்தை நிறுத்தினால் இந்தச் சேமிப்பு கரையத் தொடங்கிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்து வீரர் லட்சுமணன் 2017-இல் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். பதக்கங்களை நாடே பார்த்தது. அவற்றுக்கு முந்தைய விடியற்காலைகளை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீடுகளுக்கு ஊற்றும் பாலின் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடாகப் போட்டு வைப்பாள். ஒருநாள் என் குறிப்பேட்டுப் பொய்யை அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. "நாளையிலேருந்து நீ ஓடிட்டு வா. கோட்டை நான் போடுறேன்" என்றாள்.

பால் கணக்கின் பக்கத்தில் என் கணக்கும் ஏறியது. ஒரு பனிக்காலக் காலையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, குழாயடியில் முகத்தை நனைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அம்மா கரியை எடுத்தாள். என் பாதங்களைப் பார்த்தாள். செம்மண் ஒட்டவில்லை. ஒன்றும் பேசாமல் கரியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மௌனம் தாங்காமல் அப்போதே திரும்பி ஓடினேன்.

இவ்வாண்டு பன்னிரண்டரைச் சுற்றையும் ஓடி முடித்தேன். ஏழாவது இடம், பதக்கம் இல்லை. இயக்குநரிடம் பழைய பொய்யை ஒப்புக்கொண்டேன். "அன்றைக்கே தெரியும், தம்பி. நீ சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்" என்றார்.

பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அம்மா பால் கணக்கை அழித்துவிட்டாள். என் கோடுகள் இருந்த இடத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறாள்.

நண்பர்களே! ஓட்டமோ, படிப்போ, உங்கள் கணக்கை நீங்கள் மட்டுமே எழுதாதீர்கள். யாரிடம் பொய் சொல்ல உங்கள் மனம் கூசுமோ, அவர் கையில் கரியைக் கொடுத்துவிடுங்கள்.