பழைய கேமராவுக்குப் புதிய பேட்டரி

டிஜிட்டல் கேமரா என்றதும் நண்பர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். அடுத்த கேள்வி ஜூம் பற்றியதாக இருக்கும். பேட்டரி என்ன வகை என்று கேட்டவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பெட்டியோடு கூடவே வருகிறது. சார்ஜரில் போட்டால் பச்சை விளக்கு எரிகிறது. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஒரு கேமராவை வைத்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அதன் ஆயுள் எதன் கையில் இருக்கிறதென்று. லென்ஸ் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. முதலில் தளர்வது பேட்டரி. அதற்கு ஒழுங்கான மாற்று கிடைத்தால் கருவி பிழைத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால், எல்லா உறுப்பும் நன்றாக இருக்கும்போதே அது அலமாரிப் பொருளாகிவிடும்.

என்னிடம் இரண்டு பழைய கேமராக்கள் உண்டு. ஒன்று 2005இல் வெளிவந்த கேனன் பவர்ஷாட் ஏ620. மற்றது 2007இல் வந்த இக்ஸஸ் 70. இரண்டும் 7.1 மெகாபிக்சல், இன்றைய கைப்பேசிகளுக்கு முன்னால் சொல்லக் கூச்சமான எண். முன்னது, சுவர்க் கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் போடுகிற ஏஏ அளவு பென்சில் செல்கள் நான்கில் ஓடுவது. பின்னது தீப்பெட்டியைவிட மெல்லிய, என்பி-4எல் எனப்படும் லித்தியம் அயனி பேட்டரியில் ஓடுவது. அண்மையில் இரண்டின் பேட்டரிகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தளர்ந்தன. மாற்று தேடி அலைந்தபோது படித்தும் கேட்டும் செய்துபார்த்தும் அறிந்தவற்றை எழுதிவைக்கலாமென்று தோன்றியது. பழைய கேமராவைத் துணியில் சுற்றி வைத்திருக்கும் யாருக்காவது பயன்படக்கூடும்.

'கைப்பேசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?' என்று வீட்டிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் கேமராக்களுக்கு முதன்மையான வேலை, பழைய சிற்றிதழ்களையும் மறுபதிப்புக் காணாத நூல்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுப்பது. ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு பிளந்துவிடும் நிலையில் இருப்பவை அவை. ஏ620இன் திரையை வெளியே இழுத்துத் திருப்பிக்கொள்ளலாம். ஆகவே கேமராவை முக்காலியில் தரையைப் பார்க்கப் பொருத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தபடியே பக்கம் சட்டத்துக்குள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள முடியும். டெமி அளவு இதழை விரித்து இரண்டு பக்கங்களை ஒரே படமாக எடுத்தாலும் எழுத்துத் தெளிவாகவே இருக்கிறது. கைப்பேசியாலும் இது முடியும். ஆனால் தொடர்ந்து சில மணி நேரம் வேலை வாங்கினால் அது சூடேறிச் சார்ஜரைத் தேடத் தொடங்கும். கேமராவில் சிறு கதவைத் திறந்து பேட்டரியை மாற்றப் பத்து விநாடி போதும்.

சரி, என்ன பேட்டரி? முதலில் பென்சில் செல்களை எடுத்துக்கொள்வோம். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைப்பவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் செல்கள். அவற்றுள் உயர்ந்தது அல்கலைன். புதிதாக இருக்கும்போது அதன் அழுத்தம் 1.5 வோல்ட். மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ 1.2 வோல்ட்தான். எண்ணை மட்டும் பார்ப்பவர் முன்னதைத்தான் எடுப்பார். கேமராவில் போட்டுப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கும். புத்தம் புது அல்கலைன் செல்கள் நூறு படம்கூடத் தாண்டாமல் கைவிரிக்க, நிக்கல் செல்கள் முந்நூறைத் தாண்டியும் சளைக்காமல் நிற்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

காரணம் எளியது. லென்ஸை நகர்த்தும் மோட்டார், ஒளிரும் திரை, ஃபிளாஷுக்கு மின்னேற்றுவது எல்லாம் ஒரே நேரத்தில் மின்சாரத்தை வாரி இழுக்கும் வேலைகள். அல்கலைன் செல்லின் உள்தடை அதிகம். குடம் நிறைய நீர் இருந்தும் வாய் குறுகலாக இருந்தால் அவசரத்துக்குக் கொட்ட முடியாதல்லவா, அதைப் போல. இழுக்கும்போது அதன் வோல்ட் சட்டென்று இறங்கும். கேமரா அதைப் பார்த்து பேட்டரி தீர்ந்தது என்று முடிவுகட்டிவிடும். அப்படிக் 'தீர்ந்துபோன' செல்களை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள், மாதக்கணக்கில் ஓடும். நிக்கல் செல்லின் தொடக்க அழுத்தம் குறைவானாலும் உள்தடையும் குறைவு. கடைசிவரை ஏறக்குறைய அதே 1.2 வோல்ட்டைத் தளராமல் தரும்.

நிக்கல் செல்லுக்கும் ஒரு குறை இருந்தது. சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் கரைந்துபோகும். சார்ஜ் செய்து இரண்டு மாதம் கழித்துத் திருவிழாவுக்கு எடுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நிற்கும். இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தது, 2005 நவம்பரில் ஜப்பானில் சான்யோ நிறுவனம் கொண்டுவந்த எனலூப் செல். இப்போது அது பானசோனிக் பெயரில் வருகிறது. அதே வகையில் வேறு பல நிறுவனங்களும் செய்கின்றன. சார்ஜ் செய்து ஓராண்டு கழித்து எடுத்தாலும் பெரும்பகுதி மிச்சமிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அது வந்தபோது அதன் கொள்ளளவு 2000 மில்லி ஆம்பியர்-மணிதான். பக்கத்திலேயே 2500, 2700 என்று அச்சிட்ட செல்கள் கடைகளில் தொங்கின. பெரிய எண் உடையது வீட்டில் கிடக்கும்போதே கரைந்தது. சிறிய எண் உடையது தேவைப்பட்ட அன்று வேலை செய்தது. உறையில் எவ்வளவு கொள்ளும் என்று எழுதியிருக்கிறார்கள். கேட்கும்போது எவ்வளவு தரும் என்பதை எழுதுவதில்லை. பேட்டரி வாங்கப் போகிறவர் மனத்தில் வைக்க வேண்டிய வேறுபாடு இது ஒன்றுதான் என்பேன்.

இது வெறும் சிக்கனக் கணக்கு இல்லை என்பதை 2012இல் ஒருநாள் எனக்கு உணர்த்தியது. காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் இரும்புப் பெட்டி நிறையச் சிற்றிதழ்கள் இருந்தன. பல நாள் தயங்கியபின் ஒப்புக்கொண்டார். "தம்பி, வீட்டை விட்டு வெளியே மட்டும் கொண்டுபோக வேண்டாம். இங்கேயே உக்காந்து எடுத்துக்கங்க. நாளைக்கு மகன் வீட்டுக்குக் கிளம்புறேன், இன்னைக்கு ஒருநாள்தான்" என்றார். அன்று மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஊரில் கரண்ட் கிடையாது. என் பையில் நான்கு நான்காக மூன்று தொகுதி நிக்கல் செல்கள், மூன்று வாரம் முன்பு சார்ஜ் செய்தவை, இருந்தன. திண்ணை வெளிச்சத்தில் உட்கார்ந்து ஏறக்குறைய 900 படங்கள் எடுத்தேன். மூன்றாவது தொகுதியும் தீரும் நேரத்தில் பொழுதும் சாய்ந்தது. பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. "அடுத்த தடவை வாங்க, ஆயுசு இருந்தா பாப்போம்" என்று சிரித்தார். மறு ஆண்டு அவர் காலமானார். வீட்டை விற்றபோது பெட்டியிலிருந்தவை எடைக்குப் போய்விட்டன என்று பிறகு கேள்விப்பட்டேன். அவற்றில் சில இதழ்களை வேறெங்கும் நான் இன்றுவரை காணவில்லை. அன்று அந்தப் பன்னிரண்டு செல்கள் தந்ததுதான் இப்போது எஞ்சியிருப்பது.

அந்தச் செல்கள் அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் உழைத்தன. அண்மையில் ஒவ்வொன்றையும் அளந்து காட்டும் சார்ஜரில் போட்டுப் பார்த்தேன். சில செல்கள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. நான்கு செல்கள் தொடராக இணைந்து வேலை செய்யும்போது மிகவும் நலிந்த செல்தான் மொத்தத்துக்கும் எல்லை வகுக்கிறது. மற்ற மூன்றும் திடமாக இருந்தாலும் பயனில்லை. போதாக்குறைக்கு, தீர்ந்துபோன செல்லின் வழியே மற்றவை மின்சாரத்தைத் தள்ளி அதை இன்னும் கெடுக்கும். ஆகவே பழையதையும் புதியதையும் கலக்கக் கூடாது. நான்கையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் செய்து, ஒன்றாகவே ஓய்வளிக்க வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்த்துச் சார்ஜ் செய்யும் மலிவு சார்ஜரைவிட, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனிக்கும் சார்ஜர் சற்று விலை கூடினாலும் மேல்.

இக்ஸஸ் 70இன் பேட்டரி வேறு ஜாதி. என்பி-4எல்லின் அழுத்தம் 3.7 வோல்ட், அசலின் கொள்ளளவு 760 மில்லி ஆம்பியர்-மணி. லித்தியம் அயனி பேட்டரி 1991இல் சோனி மூலம் சந்தைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. எடை குறைவு, ஆற்றல் அதிகம். ஆனால் அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ ஒரேயடியாக வடிந்தாலோ ஆபத்து என்பதால், உள்ளே காவலுக்கு ஒரு சிறு மின்சுற்று வேண்டும். மாற்று பேட்டரிகளின் தரம் பெரிதும் வேறுபடுவது இந்தக் கண்ணுக்குத் தெரியாத காவலில்தான்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் மூன்றை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒன்றில் 760, இன்னொன்றில் 1200, மூன்றாவதில் 1800. "ஒரிஜினல் கிடைக்குமா?" என்றேன். "அந்த மாடல் நின்னே எத்தனை வருஷம் ஆச்சு சார்! பழைய ஸ்டாக் வேணும்னா தேடித் தரேன். ஆனா அது செஞ்சு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கங்க" என்றார். வியாபாரியின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லில் ஓர் உண்மை இருந்தது. லித்தியம் அயனி பேட்டரி பயன்படுத்துவதால் மட்டும் மூப்படைவதில்லை. செய்யப்பட்ட நாளிலிருந்தே அதன் காலம் ஓடத் தொடங்கிவிடுகிறது. உறை பிரிக்காமல் பத்தாண்டு கிடங்கில், அதுவும் நம் ஊர் வெக்கையில் கிடந்த அசல், பெயரளவில்தான் புதியது. அசலா போலியா என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு, புதியதா பழையதா என்ற கேள்வி எளிதில் தட்டுப்படுவதில்லை.

1800 என்ற எண்ணை நம்புவதற்கும் வழியில்லை. மூன்றும் ஒரே உறை, ஒரே நீள அகலம். 760 கொண்ட அதே இடத்தில் இரண்டு மடங்குக்கும் மேல் எப்படி அடைப்பது? கையிலெடுத்துப் பார்த்தால், எண் கூடியது எடையில் குறைந்திருந்தது. கடைக்காரர் தராசு கொடுத்தார், சந்தேகம் தீர்ந்தது. 760 என்று அடக்கமாக அச்சிட்டு, தயாரித்த மாதமும் ஆண்டும் குறித்திருந்த வேற்று நிறுவனத்துப் பேட்டரியை வாங்கினேன். எண்ணில் பொய் சொல்லாதவர் உள்ளே வைக்கும் காவலிலும் பொய் சொல்ல மாட்டார் என்ற அனுமானம்தான். உறுதியான சான்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைமுன் நிற்கும்போது நமக்கு வேறென்ன சான்று இருக்கிறது?

வீட்டுக்கு வந்ததும் சோதிக்கச் சில வழிகள் உண்டு. முதல் சார்ஜின்போது பக்கத்திலேயே இருந்து தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை பொறுக்காத சூடு கூடாது. எடுத்த படங்களைத் திரையில் தானே ஓடவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் செய்து ஒரு வாரம் வைத்துவிட்டு மறுபடியும் ஓடவிடுங்கள். பேட்டரி சற்றே உப்பினாலும் அதை மீண்டும் சார்ஜில் போட வேண்டாம். குத்தவும் அழுத்தவும் வேண்டாம். முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். குப்பைத் தொட்டி அதற்குரிய இடமன்று. 2022இல் வந்த மத்திய அரசின் பேட்டரிக் கழிவு விதிகள், பயன்பாடு முடிந்த பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் சுமத்தியிருக்கின்றன. இன்னொன்று: நீண்ட நாள் தொடமாட்டீர்களென்றால் கேமராவிலிருந்து செல்களைக் கழற்றிவிடுங்கள். அல்கலைன் செல் கசிந்து வெள்ளைப் பொருக்குப் படிந்து உயிர்விட்ட கேமராக்கள் ஏராளம்.

இரண்டு கேமராக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில் ஒன்று தோன்றுகிறது. இக்ஸஸ் அழகானது, சட்டைப்பையில் அடங்குவது. ஆயினும் அந்த அளவில் யாராவது பேட்டரி செய்துகொண்டிருக்கும்வரைதான் அதற்கு வாழ்வு. ஏ620 கனமானது, கைப்பிடி புடைத்தது. புடைப்புக்குள் இருப்பதோ உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஓர் அளவு: 14.5 மில்லிமீட்டர் விட்டம், 50.5 மில்லிமீட்டர் நீளம். எவரோ எப்போதோ செய்துகொண்ட அந்த உடன்பாட்டால்தான், 2005இல் செய்த கருவி இன்று வாங்கிய செல்லில் உயிர்க்கிறது. கைப்பேசிகளில் பேட்டரியை உள்ளே வைத்து ஒட்டிவிடும் வழக்கம் வந்தபின் இந்தச் சுதந்திரத்தை நாம் மறந்தேபோனோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய ஒரு சட்டம், கருவிகளின் சிறு பேட்டரிகளைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டுமென்றும், 2027 பிப்ரவரி 18 முதல் அது பொருந்துமென்றும், சில விலக்குகளோடு விதித்திருக்கிறது. கழன்றுவரும் ஒரு சிறு கதவுக்காகச் சட்டம் போட வேண்டிய காலம்.

ஏ620க்கு எட்டுப் புதிய செல்கள் வாங்கினேன், கரையாத வகை, 2000 என்று அச்சிட்டவை. இரண்டு தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின்மேலும் 'அ', 'ஆ' என்று எழுத்தும் வாங்கிய தேதியும் அழியாத மையால் எழுதி வைத்தாயிற்று. மூன்றாவது தொகுதியும் அடுத்த மாதம் வாங்கிவிட வேண்டும். புதுக்கோட்டையில் ஒருவர் வீட்டுப் பரணில் எட்டுக் கட்டு இதழ்கள் இருக்கின்றனவாம். பொங்கல் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்.